இறக்கத்தில் கேட்கக் கூடாத சத்தம்

அன்று காரில் இருந்தவர்கள்:

பவாஸ். என் மாமாவின் மகன். காரை வாங்கியவன்.
ஸில்மியா. அவன் மனைவி. கல்யாணம் முடிந்து மூன்று மாதம்.
நான், றிஸாத். ஓட்டியவன்.

இவ்வளவுதான். ஏறும்போது மூன்று பேர். நாலாவது ஒருவர் இருந்ததாக நான் யாரிடமும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

நான் பதுளையில் ஒரு பெட்ரோல் ஷெட்டில் இரவு வேலை செய்கிறேன். இருட்டுக்குப் பயந்தவன் அந்த வேலையில் ஒரு கிழமைகூடத் தாங்கமாட்டான். நாய் ஊளையிட்டால் கல்லெடுத்து எறிவேன். அவ்வளவுதான் எனக்குப் பேயைப் பற்றித் தெரிந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவாஸ் மேல் எனக்குப் பொறாமை. ஸில்மியாவை முதலில் கேட்டுப் போனது என் உம்மா. பண்டாரவளைக்குப் போனார், பிஸ்கட் பெட்டியும் கையுமாக. மாப்பிள்ளை கெம்பஸ் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன், இரவில் பெட்ரோல் அடிக்கிறவன் என்று தெரிந்ததும், அவர்கள் தேத்தண்ணீர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் அதே வீட்டுக்குப் பவாஸின் வாப்பா பாறூக் மாமா போனார். கத்தாரிலிருந்து வந்த மகன், பஸாரில் துணிக்கடை. ஒரே நாளில் பேசி முடித்தார்கள். கல்யாணத்தன்று நான் ஸஹன் தூக்கினேன். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டு. கனம் அதிகம்.

இப்போது அவள் என்னை நானா என்று கூப்பிடுகிறாள். எங்கள் பேச்சில் அண்ணன்.

இதில் கார் வேறு. வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றுபோன வருடங்கள். பழைய இரும்புக்கும் ஆனை விலை. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு ஸ்ரீ நம்பர் போட்ட பழைய கார் ஒன்று சும்மா நிற்கிறது என்று கண்டுபிடித்தவன் நான். கார்புரேட்டர் கார், கை கியர். அதை வாங்கி, இரவு வேலையை விட்டுவிட்டு, பகலில் வாடகைக்கு ஹயர் ஓட நினைத்திருந்தேன். அந்த நினைப்பைப் பவாஸிடம் சொன்னதுதான் பிழை. அவன் அடுத்த நாளே விற்கிறவருக்குப் போன் எடுத்துவிட்டான்.

"மச்சான், நீதான் வந்து ஓட்டித் தரணும்" என்றான். "எனக்கு ஆட்டோ கியர்தான் தெரியும்."

"அப்ப ஏன்டா வாங்கினாய்?"

"வாங்கினா படிச்சிக்கலாம். நீ ஈக்கிறாய்தானே."

நான் இருக்கிறேன். அது உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனோம். ஸில்மியாவும் வந்தாள். புதுக் காரில் முதல் பயணம் மனைவியோடு போகவேண்டுமாம். பசறை தாண்டியதும் அவன் அவள் தோளில் தலைவைத்துத் தூங்கினான். எனக்கு மடியில் பேட்டரி.

காரின் பழைய சொந்தக்காரர் சிதம்பரநாதன் என்பவர். யாழ்ப்பாணத்து ஆள். தோட்டத்து மருந்துச் சாலையைப் பார்த்துக்கொண்டவர், அதனால் தோட்டத்தில் அவர் 'டாக்டர் ஐயா'. அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல். மகள் வதனி பதுளையில் இருந்தார். அவர்தான் விற்றார். பழைய குவார்ட்டர்ஸின் கராஜில் கார் நின்றது. தோட்டத்துக் காவல்காரர் ஒருவர் கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்க தம்பி. தெனம் தொடச்சுத்தான் வச்சிருக்கேன்."

"நீங்க ஓட்டிப் பார்த்தீங்களா?"

"நானா? எனக்கு லயத்து வீட்டுல இருந்து இங்க வர்றதுக்கே ரெண்டு காலுதாங்க வண்டி."

கார் சுத்தமாகத்தான் இருந்தது. இடது முன் மூலையில் தகடு தட்டிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அது பழைய காரில் சகஜம். உள்ளே இரண்டு விஷயம் எனக்கு விளங்கவில்லை. கியர் தண்டுக்கு முன்னால், ரேடியோவுக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கவேண்டும். இரண்டு பேரின் கால்களையும் பிரிப்பது அதுதான். அதை யாரோ இரும்பறுக்கும் வாளால் அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்த விளிம்பு யாரையும் கிழிக்காதபடி துணி சுற்றித் தைத்திருந்தது. இரண்டாவது, கிளட்ச் பெடலின் ரப்பர். இடது ஓரத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. வலது ஓரம் புதிது மாதிரி.

நான் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

பேட்டரியைப் பூட்டி, பிளக்குகளைத் துடைத்து, பெட்ரோல் ஊற்றினேன். ஐந்தாவது தரம் எஞ்சின் பிடித்தது. ஐட்லிங் தாறுமாறாக இருந்தது. அதை விளக்கவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்குப் பிடிபடாது. நீங்கள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், கார்புரேட்டருக்குள் இருக்கும் தட்டு மூடிவிடும். எஞ்சின் சாகவேண்டும். சாகாமல் இருப்பது ஓரத்தில் உள்ள சின்னத் துவாரத்தால். அதில் கொஞ்சம் காற்று, கொஞ்சம் பெட்ரோல். எஞ்சின் வேலை எதுவும் செய்யாமல் தனியாக மூச்சு விடும் சத்தம்தான் ஐட்லிங். ஒரு திருகாணியைத் திருப்பி அந்த மூச்சைக் கூட்டலாம், குறைக்கலாம்.

நான் திருகினேன். சீராக வந்தது. டுக் டுக் டுக் டுக் என்று பூனை மாதிரி.

ஸில்மியா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

ஐட்லிங் விழுந்தது. கார் முழுவதும் உதறியது. நிற்கப்போகிறது என்று நினைத்தேன். அவள் பயந்து இரண்டடி பின்னால் போனாள். சத்தம் பழையபடி சீரானது.

"என்னைப் பிடிக்கல்ல போல" என்றாள்.

"எங்கயோ காத்து இழுக்குது" என்றேன்.

பிறகு நான் மட்டும் தோட்டப் பாதையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். எனக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டித்தான் பழக்கம். கிளட்ச் எப்போது பிடிக்கிறது என்று பாதத்தால் தெரியும். அன்று அந்தக் கிளட்ச் பஞ்சு மாதிரி இருந்தது. பழைய காரில் அப்படி இருக்காது. நான் மிதிக்க நினைக்கும்போதே பாதி இறங்கியிருந்தது. கியர் தானாக விழுந்தது. இத்தனை வருடத்தில் எந்தக் காரும் என்னிடம் அப்படி நடந்துகொண்டதில்லை. இது என்னுடைய கார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அதன் சொந்தக்காரன் மனைவியோடு செல்பி எடுக்க நின்றான்.

காவல்காரர் கராஜைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்தார். "இத வதனி மிஸ்கிட்ட குடுத்துருங்க தம்பி. குவார்ட்டர்ஸ ஒப்படைக்கணுமாம்."

மாலை 6.10க்குப் புறப்பட்டோம். பவாஸ் முன்னால், ஸில்மியா பின்னால்.

மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கும் பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் ஒன்றுமில்லை. நான் இரண்டாவது கியரில் விட்டேன். பவாஸ் உடனே தொடங்கினான்.

"நியூட்ரல்ல போடுடா. இறக்கத்துல எதுக்குப் பெட்ரோல்?"

பெட்ரோல் வரிசையில் நாள்கணக்காகக் கிடந்த காலத்திலிருந்து இங்கே பாதிப் பேருக்கு இந்த நோய் உண்டு. இறக்கம் வந்தால் நியூட்ரல். சிலர் சாவியையும் திருப்பிவிடுவார்கள்.

"கியர்ல விட்டாத்தான் எஞ்சின் காரைப் பிடிக்கும்" என்றேன். "நியூட்ரல்ல விட்டா பிரேக் மட்டும்தான். அது சூடாகினா ஒன்றும் இல்ல."

"பெரிய இன்ஜினியர்" என்றான் பவாஸ். பின்னால் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம்.

ஆனால் நான் சொன்னது சரி. இறக்கத்தில் கியரில் விட்டுக் காலை எடுத்தால், எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். தட்டு மூடியிருப்பதால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், சுற்ற மறுக்கும். அந்த மறுப்புதான் காரைப் பிடித்து வைப்பது. அப்போது எஞ்சின் 'ங்ங்ங்' என்று இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்கும். அது கேட்கும்வரை பயமில்லை. இறக்கத்தில் கேட்கக் கூடாத சத்தம் ஒன்றுதான். ஐட்லிங். அது கேட்டால் எஞ்சினும் சக்கரமும் பிரிந்துவிட்டன. கார் உங்கள் கையில் இல்லை.

வளைவுகள் தொடங்கியதும் ஸில்மியாவுக்குத் தலை சுற்றியது. நிறுத்தினேன். ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். பவாஸ் தண்ணீர் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முன்னால இருந்தா சுத்தாது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அது எனக்கும் வசதியாக இருந்தது.

அவன் பின்னால் போய் நீட்டிப் படுத்துக்கொண்டான். அவள் முன்னால் ஏறினாள். 6.40. மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கால்களைச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள்.

எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் வெளிச்சம் எங்கள் இருவர் மேலும் பட்டது. அந்த டிரைவர் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்றுதான் நினைத்திருப்பான். எனக்கு அது பிடித்திருந்தது. மெதுவாக ஓட்டினேன்.

முதல் வித்தியாசம் கிளட்ச். கல்லாகிவிட்டது. முதலாம் கியருக்கு முழு எடையையும் போட்டு மிதிக்கவேண்டியிருந்தது.

இரண்டாவது, குளிர். வெளியில் இருந்து வந்த குளிர் இல்லை. இடது பக்கத்திலிருந்து, கீழே, கால்களுக்கு நடுவே.

"நானா, ஏசி போட்டீங்களா?"

"இதுல ஏசியே இல்ல."

அவள் சால்வையை இழுத்து மூடினாள். "யாரோ நெருக்கிற மாதிரி ஈக்குது" என்றாள். "சீட் சின்னதோ?"

சத்தம் மாறியிருந்தது.

'ங்ங்ங்' இல்லை.

டுக் டுக் டுக் டுக்...

நேரத்தைப் பார்த்தேன். 6.52. ஏன் பார்த்தேன் என்று தெரியாது.

ஐட்லிங். இறக்கத்தில். இரண்டாவது கியரில்.

கார் முன்னால் நழுவியது. யாரோ கயிற்றை அவிழ்த்துவிட்டது போல.

பிரேக்கை மிதித்தேன். பிடித்தது. வளைவு திரும்பினோம். மறுபடியும் நழுவியது. மறுபடியும் மிதித்தேன். கியர் தண்டைப் பிடித்து அசைத்தேன். மூன்றாவது, இரண்டாவது, மூன்றாவது... கிளட்சை மிதிக்காமலே வெண்ணெயில் போவது போல் போனது. அப்படிப் போகக் கூடாது. இரண்டாவதில் போட்டேன். ஒன்றும் பிடிக்கவில்லை.

கீழே பார்த்தேன்.

என் இடது கால் தரையில் இருந்தது. கிளட்ச் பெடலில் இல்லை.

பெடல் அடிவரை அமுங்கியிருந்தது.

கேபிள் அறுந்தாலும் பெடல் கீழே விழும். ஆனால் அப்போது கிளட்ச் பிடித்துக்கொள்ளும். விடாது. இதை விடுவித்து வைக்க ஒன்று வேண்டும். மேலிருந்து யாராவது மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அவள் பக்கம் பார்த்தேன். இரண்டு கால்களும் சீட்டின் மேலேயே இருந்தன.

"மெதுவா நானா."

பிரேக் வாடை வந்தது. எரிந்த வாடை. அடுத்த வளைவில் பிரேக் பெடல் ஆழமாகப் போனது. அதற்கடுத்ததில் இன்னும் ஆழமாக. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கிறீச் என்றது. கார் நிற்கவில்லை.

"டேய், என்ன செய்றாய்?" பவாஸ் எழும்பிவிட்டான்.

"பிடிக்கல்ல."

"நியூட்ரல்ல விட்டியா?"

"இல்ல."

டுக் டுக் டுக் டுக்... அந்தச் சத்தம் அவசரப்படவே இல்லை. கார் பறந்தது. எஞ்சின் கராஜில் நிற்பது போல மூச்சு விட்டது.

பெடலைக் கிளப்பினால் போதும் என்று தோன்றியது. காலைக் கொண்டுபோனேன். மேலே வைத்து, ஒரு உதை உதைத்தால் துள்ளி வரும் என்று நினைத்தேன்.

ஓங்கி மிதித்தேன்.

ரப்பர் இல்லை.

தோல்.

வெதுவெதுப்பாக... மெத்தென்று... எலும்பு. ஒரு காலின் மேற்புறம். என் உள்ளங்கால் அதன் மேல். என் பெருவிரலுக்குக் கீழே அதன் விரல்கள். ஒரு விரலில் வளையம்.

மெட்டி.

ஸில்மியா மெட்டி போடுவதில்லை. எங்கள் முஸ்லிம் பெண்கள் யாரும் போடுவதில்லை.

அந்தக் கால் நகரவில்லை. இன்னும் அழுத்தியது.

வெளிச்சத்தில் பாதையோர வெள்ளைக் கட்டைகள் தெரிந்தன. அதற்கப்பால் பனி மட்டும்.

"பின்னால வா புள்ள" என்று பவாஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் சீட்டுகளுக்கு நடுவால் தவழ்ந்தாள். முழங்கால் என் தோளில் இடித்தது. அவள் உடம்பு முன் சீட்டை விட்டது.

டக்.

பெடல் மேலே வந்தது.

எஞ்சின் அலறியது. சக்கரம் கிறீச்சிட்டது. நெஞ்சு ஸ்டியரிங்கில் அடித்தது. இரண்டாவது கியர் காரைக் கழுத்தில் பிடித்து நிறுத்தியது போல் இருந்தது. கட்டைக்குப் பக்கத்தில், பாதிப் பாதையை மறித்துக்கொண்டு, கார் தவழ்ந்து நின்றது.

அவள் அவன் மார்பில் முகத்தை வைத்து அழுதாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். உயிர் போய் வந்த அந்த நேரத்திலும் பார்த்தேன்.

பவாஸ் அதைப் பார்த்தான்.

"இறங்குடா" என்றான்.

இறங்கினோம்.

"நியூட்ரல்ல வுட்டாய்தானே?"

"இல்ல மச்சான். கிளட்ச்சுல..."

"எனக்கு விளங்கும்டா உன் மனசு. கல்யாணத்தன்டே விளங்கிச்சு. அவ முன்னால வந்தோடன உனக்குக் கை நிக்கல்ல."

"அவளும் சாகிறதுக்கா நான் ஓட்டினேன்?"

"அதுதான் சொல்றேன்" என்றான். "எனக்கு இல்லாட்டி யாருக்கும் இல்லங்கிற புத்தி."

நான் அவனை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அவன் சொன்ன புத்தி அன்று காரில் இருந்தது. என்னுடையது இல்லை. அவ்வளவு மட்டும் எனக்குத் தெரிந்தது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

பசறைக்குப் போகும் ஒரு முச்சக்கர வண்டி வந்தது. இருவரும் ஏறினார்கள். ஸில்மியா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"காரை நீயே வெச்சுக்கோ" என்றான் பவாஸ். "எங்கட வீட்டுப் பக்கம் வராத."

பிரேக் ஆறும்வரை காத்திருந்தேன். காரை அங்கே விட்டுவிட்டு நடந்திருக்கலாம். நான் நடக்கவில்லை. அது இப்போது என் கார்.

ஏறினேன். கிளட்சில் காலை வைத்தேன். ரப்பர்தான். கியர் போட்டேன்.

முன் சீட் காலி. குளிர் இல்லை. எஞ்சின் 'ங்ங்ங்' என்று அழகாகப் பிடித்தது. முதல் வளைவுக்கு முன்னால் கியர் மாற்றவேண்டும். காலைத் தூக்கினேன்.

அதற்கு முன்பே பெடல் இறங்கியது. சரியான நேரத்தில். மெதுவாக, பழகிய மாதிரி. கியர் விழுந்ததும் ஏறியது.

நான் காலைத் தரையில் வைத்தேன்.

அங்கிருந்து பசறை, பசறையிலிருந்து பதுளை. முழுத் தூரமும் நான் கியரை மட்டும்தான் மாற்றினேன்.

ஒரு விஷயம். அப்போது எனக்குப் பயம் இருக்கவில்லை. பவாஸுக்குப் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். எனக்குப் பக்கத்திலும் யாரோ ஒருத்தி இருந்தாள்.

வியாழக்கிழமை பகல், கராஜ் சாவியோடு வதனி வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு மேலே, மேட்டில், சின்ன வீடு. வதனிக்கு நாற்பது வயதிருக்கும். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஹாலுக்குப் பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலின் கால்மாடு மட்டும் தெரிந்தது.

"அம்மா" என்றார் வதனி. "பாரிசவாதம். எழும்பமாட்டா. கார் எப்பிடி? கரைச்சல் ஒண்டும் இல்லையே?"

"ஒன்று கேட்கவேண்டும் மிஸ். கியருக்கு முன்னால பெட்டியை அறுத்திருக்கு. ஏன்?"

அவர் நான் கொடுத்த சாவியைக் கையில் திருப்பிப் பார்த்தார்.

"அது அம்மாவின்ரை காலுக்கு."

எனக்கு விளங்கவில்லை.

"அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. இடது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்தது. பிறகு கிளட்ச் மிதிக்கேலாது. அம்மா பக்கத்தில இருந்து வலது காலை நீட்டி மிதிப்பா. அப்பா கியரைப் போடுவார். பத்து வருசம் அப்பிடித்தான் ஓடினவை. ஒரு சொல்லும் பேசமாட்டினம். அவர் நினைக்க அவ மிதிப்பா."

"ஆட்டோ கியர் கார் எடுத்திருக்கலாமே?"

"நான் காசு தாறன் எண்டு சொன்னனான். அம்மா விடேல்லை." வதனி குரலைத் தாழ்த்தினார். "எடுத்தால் அவர் தனியப் போவாரெல்லோ."

அவர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா ஒரு ரீச்சரை ஏத்தினவர். பசறையில இறக்கிவிட. அண்டைக்கு அந்த ரீச்சர்தான் கிளட்ச் மிதிச்சவ. இறக்கத்தில கார் மண்மேட்டில அடிச்சுது. அப்பா அதிலேயே செத்துப்போனார். ரீச்சருக்கு வலது கால் முறிஞ்சது. அவ பொலிசில சொன்னது ஒண்டுதான். நான் காலை எடுத்திட்டன், பெடல் மேல வரேல்லை எண்டு."

"அப்போது உங்க அம்மா?"

"வீட்டில. சமையல் குசினிக் கதிரையில இருந்தவ. வலது காலை நிலத்தில ஊண்டி அமத்திக்கொண்டே இருந்தவவாம். வேலைக்கார மனுசி கூப்பிட்டும் எடுக்கேல்லை. அண்டைக்கு விழுந்தவதான். பிறகு அந்தக் கால் அசையேல்லை."

அவர் சாவியை மேசையில் வைத்தார்.

"போன ஞாயிறு வரைக்கும்."

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. அறை வாசலுக்குப் போனேன். வதனி தடுக்கவில்லை.

கட்டிலில் மெலிந்த ஒரு அம்மா. நரைத்த தலை. சுவர்ப் பக்கம் முகம். போர்வைக்கு வெளியே வலது கால். இரண்டாம் விரலில் வெள்ளி மெட்டி. காலின் மேற்புறம் முழுவதும் கறுத்து வீங்கியிருந்தது. நடுவில் அகலமாக, ஓரத்தில் ஐந்து சின்ன வட்டங்கள்.

"ஞாயிறு ஏழு மணிக்குக் கிட்ட வந்தது" என்றார் வதனி என் பின்னால். "டொக்டரும் கேட்டவர், ஆர் மிதிச்சதெண்டு."

என் இடது பாதம் அந்த அளவுதான். நான் வைத்துப் பார்க்கவில்லை. வைத்துப் பார்க்கத் தேவையில்லை.

முகம் என் பக்கம் திரும்பியது.

"வந்திட்டியளே" என்றார் அந்த அம்மா. தெளிவான குரல். "என்ன இவ்வளவு நேரம்?"

"அம்மா ஆக்களை மாறிச் சொல்லுவா" என்றார் வதனி. "குறை நினையாதேங்கோ."

"முன்னுக்கு இருந்த பெட்டை ஆர்?"

வதனி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான் சொன்னேன். "என் மச்சானுடைய மனைவி."

"பொய்."

"உண்மை, அம்மா."

"மச்சான்ரை மனிசியை அப்பிடியோ பாக்கிறது?"

நான் வாசலை விட்டுப் பின்வாங்கினேன்.

"நீங்கள் போங்கோ தம்பி" என்றார் வதனி. அவசரமாக. "காரை வித்துப்போடுங்கோ. இரும்புக்கெண்டாலும் குடுங்கோ. நான் கேற்றைத் திறந்துவிடுறன்."

அவர் எனக்கு முன்னால் நடந்தார். நான் இரண்டடி பின்னால். கட்டிலில் ஒரு சத்தம். போர்வை சரியும் சத்தம். நான் திரும்பவில்லை.

பிறகு சிமெந்துத் தரையில்... வெறுங்கால்.

ஒன்று.

இழுபடும் சத்தம்.

ஒன்று.

வதனி வாசலைத் தாண்டிப் படியில் இறங்கினார். என் கை கதவு நிலையைத் தொடப்போனது.

எனக்கும் அவருக்கும் நடுவே கதவு சாத்திக்கொண்டது. பூட்டில் சாவி தானாகச் சுற்றியது. உள்பக்கத்திலிருந்து.